பத்து நிமிடத்துக்கு ஒருமுறை

பிப்ரவரி 11

பொடிசு,

கடிதத்தின் தலைப்பில் வழக்கமாக எழுதும் விசாரிப்புகளை இந்தத் தடவை விட்டுவிட்டேன். கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள். நீ போன் செய்கிறாய், நான் எடுப்பதில்லை. எடுத்தால் ஒன்று வாய்க்கு வந்தபடி திட்டுவேன், இல்லையென்றால் அழுவேன். இரண்டும் வேண்டாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

உன் அண்ணனுக்கு இடது கண் இனி வராது. போன செவ்வாய்க்கிழமை டாக்டர் கட்டைப் பிரித்துவிட்டு முடிவாகச் சொல்லிவிட்டார். குழாய் கழுவுகிற காஸ்டிக் சோடா கொதிக்கக் கொதிக்க அடித்த இடம் கன்னத்திலிருந்து காது வரை உருகின மாதிரி இருக்கிறது. "இனிமே யாருக்கும் பாரபட்சம் கிடையாது, எல்லாரையும் ஒரே கண்ணாலதான் பார்ப்பேன்" என்று டாக்ஸிக்காரரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த மனுஷன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முழித்தார்.

கண் போனதை நான் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது வேறு. ஆலையின் விசாரணைக் குழு அறிக்கை கொடுத்திருக்கிறது. நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தில் உன் பேர் இருக்கிறது. உன்னிடம் கருத்துக் கேட்டார்களாம், நீ ஒரே வரியில் பதில் எழுதினாயாம்: 'பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எதிர்த்திசைக் கழுவல் தவறாமல் செய்யப்பட்டிருந்தால் இத்தகைய அடைப்பு ஏற்பட்டிருக்க வாய்ப்பில்லை.' அதற்குக் கீழேயே அவர்கள் ஒரு வரி: 'எனவே பணியாளர் அதைச் செய்யத் தவறினார் என்று முடிவு செய்கிறோம்.' எவ்வளவு லேசாக முடித்துவிட்டார்கள் பார்.

வீட்டில் அவர் எனக்குத் தினமும் பாடம் நடத்துகிறார். "இந்தா பாரு, ஈஸ்ட் கலந்த தண்ணி பீங்கான் குழாய்க்குள்ள ஓடுது. நமக்கு வேண்டிய என்சைமோட தெளிஞ்ச தண்ணி மட்டும் சுவர்ல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத துளை வழியா வெளியே கசியுது. ஈஸ்ட் உள்ளேயே தங்கிச் சுவர்ல படியுது. வால்வைத் திருப்பி வெளியிலிருந்து உள்ளே அரை நிமிஷம் தண்ணி அடிச்சா படிஞ்சது உதிரும். அதுக்குப் பேர்தான் ரிவர்ஸ். பத்து நிமிஷத்துக்கு ஒரு ரிவர்ஸ். இதுல மறக்கிறதுக்கு என்ன இருக்கு?" முதல் வாரம் இப்படித்தான் சொன்னார். இரண்டாம் வாரம் ஹாலில் கடிகாரத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். பத்து நிமிடம் ஆனால் தலை தானாக நிமிர்கிறது. சாப்பிடும்போதும் அப்படியே. தன்னைத் தானே சோதித்துப் பார்க்கிறாராம், எப்போதாவது தவறுகிறதா என்று. நேற்று சொல்கிறார்: "ஒருவேளை நான்தான் எங்கேயோ விட்டுட்டேனோ என்னவோ. பொடிசு சொன்னா சரியாத்தான் இருக்கும். அவ அறுபத்திரண்டு தடவை செஞ்சு பார்த்தவ."

தினமும் காஸ்டிக் விட்டுக் கழுவாமல் ரிவர்ஸை மட்டும் நம்பும் உன் முறையை முதலில் ஒரே ஒரு லைனில், பகல் ஷிப்டில் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம் என்று ஆலையில் சொன்னபோது, "என் தங்கச்சி கண்டுபிடிச்சது, நானே ஓட்டுறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நின்றவர் அவர். பத்தொன்பது நாளில் ஓட்டம் படுத்துவிட்டது. குறையக் குறைய அழுத்தத்தைக் கூட்டச் சொன்னார்கள், கூட்டினார். கடைசியில் மனசு கேட்காமல் அவரே காஸ்டிக் விட்டுக் கழுவப் பார்த்தபோது, அத்தனை நாள் அழுத்தத்தில் தளர்ந்திருந்த குழாய் மூட்டு விட்டுவிட்டது.

எனக்கு ஒன்று மட்டும் சொல். உன் அண்ணன் தவறவிட்டார் என்று நீ நம்புகிறாயா?

அண்ணி


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். அண்ணனைப் பார்க்க வருவதற்கு இரண்டு தடவை டிக்கெட் எடுத்து இரண்டு தடவையும் ரத்து செய்துவிட்டேன். வந்து நின்றால் உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்வது கடினம். நான் அண்ணனைக் குற்றம் சொல்லவில்லை. ஆலை ஒரு தொழில்நுட்பக் கேள்வி கேட்டது, அதற்குப் பதில் எழுதினேன். அந்த வரியில் அண்ணன் பெயர் இல்லை. அதை அவர்கள் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

ஆனால் அண்ணி, என் அளவீடுகளை நான் எப்படி மறுப்பேன்? அறுபத்திரண்டு சோதனை. ஒவ்வொன்றிலும் ஓட்டம் குறையும், எதிர்த்தண்ணீர் அடித்ததும் பழையபடி ஏறிவிடும். தினமும் நாலு மணி நேரம் காஸ்டிக் விட்டுக் கழுவ வேண்டியதில்லை, மாதம் ஒருமுறை போதும் என்று அதை வைத்துத்தான் எழுதினேன். வேறு எங்கிருந்தோ வந்த ஈஸ்டும் இல்லை. அண்ணனே இரண்டு வருடம் ஷிப்டுக்குப் போகும் முன் ஆலையிலிருந்து கேனில் சுமந்து வந்து கொடுத்தது. அதே ஈஸ்ட், அதே பீங்கான் குழாய். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியரும் முறையில் தவறு இல்லை என்றுதான் சொல்கிறார்.

பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் எழுபத்திரண்டு தடவை வால்வைத் திருப்ப வேண்டும். அண்ணனும் மனிதர்தானே. அதில் சில தவறியிருந்தால் அது பாவமில்லை. நான் அவரைக் குறைத்து நினைக்க மாட்டேன்.

இங்கே பல்கலைக்கழகத்தில் ஜூன் மாதம் என் வேலையை நிரந்தரமாக்குவது பற்றி முடிவெடுக்கிறார்கள். அதை ஏன் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அடித்துவிடலாம் என்று பார்த்தேன், அடித்தால் இன்னும் அசிங்கமாக இருக்கும்.

அண்ணனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

பொடிசு


மார்ச் 2

டாக்டர் அம்மா அவர்களுக்கு,

'மனிதர்தானே' என்று எழுதியிருக்கிறாய். அவர் மனிதர் என்பது எனக்குத் தெரியும், நான்தானே அவர் முகத்துக்குத் தினமும் களிம்பு போடுகிறேன். 'குறைத்து நினைக்க மாட்டேன்' என்று வேறு. அடேயப்பா, எவ்வளவு பெரிய மனசு! நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்கு ஒன்பது வயது. உன் தலையில் பேன் பார்த்தது நான். உன் பள்ளிக்கூடப் பையை வாசல் வரை தூக்கிக்கொண்டு ஓடியது அவர். இன்றைக்கு நீ அவருக்கு மன்னிப்பு வழங்குகிறாய், அவர் செய்யாத ஒன்றுக்கு.

மறதியைப் பற்றிப் பேசுகிறாயே, உன் அறுபத்திரண்டில் ஒன்றாவது நான் இல்லாமல் நடந்ததா? நீ ஆராய்ச்சிக்குச் சேரும் முன்பே நான் உன் பேராசிரியரின் லேபில் உதவியாளர். ஏழரைக்கெல்லாம் நான் அறையைத் திறப்பேன். அவர் கேனை இறக்கி வைத்துவிட்டு ஷிப்டுக்கு ஓடுவார். நீ ஒன்பதரைக்குத்தான் வருவாய். அதற்குள் சுற்றுமெஷினில் போட்டுச் சுற்றி, மேலே நிற்கிற அழுக்குத் தண்ணீரைக் கொட்டி, உப்புத்தண்ணீர் விட்டு, அரிசி களைகிற மாதிரி மூன்று தடவை களைந்து, தண்ணீர் தெளிந்த பிறகு மறுபடி கோடு வரை நிரப்பி உன் மேசையில் வைத்திருப்பேன். முதல் வாரம் நுரை பொங்கி மீட்டர் தெரியவில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாய். அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சலோடு வந்தும் களைந்து வைத்திருக்கிறேன். நீ வந்து சுவிட்சைப் போடுவாய், எண்களை எழுதுவாய், டாக்டர் ஆவாய். மறக்காமல் இருப்பது எப்படி என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.

இத்துடன் அவருடைய சட்டைப்பை நோட்டிலிருந்து எழுதி அனுப்புகிறேன். ஓரம் வெந்துபோன நோட்டு. 'இது ஆலைப் பதிவேடு இல்லை' என்று விசாரணைக் குழு அதைத் தொடக்கூட இல்லை. ஒவ்வொரு நாளும் ஷிப்ட் முடிவில் ஓட்டம் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்று குறித்திருக்கிறார். புதுக் குழாயில் முதலில் வந்த ஓட்டத்தை நூறு என்று வைத்து உனக்காக மாற்றியிருக்கிறேன். ஐந்தாம் நாள் எண்பத்தொன்று. பத்தாம் நாள் அறுபத்திரண்டு. பத்தொன்பதாம் நாள் முப்பத்தெட்டு. ஓட்டத்துக்குப் பக்கத்தில் தினமும் ஒரு எண் இருக்கிறது: 72. பத்தொன்பது நாளும் 72. 'அது அவரே எழுதிக்கொண்டது' என்று சொல்கிறார்கள். வேறு யார் எழுதுவார்கள்?

நேற்று கடிகாரத்தைக் கழற்றிப் பரணில் போட்டேன். கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. பழைய கடிகாரத்தையே திரும்ப மாட்டிவிட்டேன்.

அண்ணி


மார்ச் 15

அண்ணி,

இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இது சின்னதாகத்தான் இருக்கும்.

ஓர் உதவி வேண்டும். என் பழைய குழாய்த் தொகுதி லேப் அறையின் மூலையில் உறை போட்டு அப்படியேதான் இருக்கும். பேராசிரியர் ஏப்ரல் பாதி வரை ஊரில் இல்லை. அண்ணனின் நண்பர், அந்த ஆலைப் பாய்லர்காரர், தினமும் ஒரு கேன் கொண்டுவந்து தருவாரா என்று கேளுங்கள்.

அலமாரியின் கீழ்த்தட்டில் புதுக் குழாய்கள் இருக்கின்றன. இரண்டு மாட்டுங்கள். கேனில் வருவதை அப்படியே ஊற்றுங்கள். சுற்ற வேண்டாம். கழுவ வேண்டாம். நுரை வந்தால் வரட்டும். முதல் குழாயில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எதிர்த்தண்ணீர். இரண்டாவது குழாயில் அந்த வால்வைத் தொடவே கூடாது. ஒரு நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு ஒரு மணி நேரம்; அந்தச் சின்னக் குழாய்க்கு அது ஆலையின் ஒரு முழு ஷிப்டுக்குச் சமம். அழுத்தத்தை அண்ணனின் நோட்டில் அந்தந்த நாளுக்கு உள்ளபடி வையுங்கள். பத்தொன்பது நாள்.

ஏன் என்று இப்போது கேட்காதீர்கள். உங்களைத் தவிர வேறு யாரிடமும் இதை நம்பிக் கொடுக்க மாட்டேன்.

பொடிசு


ஏப்ரல் 9

பொடிசு,

முடிந்தது. பத்தொன்பது நாளும், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. பாய்லர்காரர் ஒரு நாள்கூடத் தவறவில்லை, பாவம். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. "அவனுக்காகன்னா நான் ரெண்டு கேன் தூக்குவேன்" என்றார்.

முதல் நாளே நுரை மூடி வரை பொங்கிவிட்டது. அறை முழுக்கப் புளித்த நாற்றம். துணியால் துடைத்துத் துடைத்து மீட்டரைப் படித்தேன். வால்வைத் தொடக்கூடாது என்றாயே, அந்த இரண்டாவது குழாய் நாலாம் நாளே செத்துவிட்டது, முப்பத்தாறு. அதற்கு மேல் ஓட்டிப் பிரயோசனம் இல்லை என்று கழற்றி வைத்தேன். முதல் குழாய்க்கு நான் ஒரு ரிவர்ஸைக்கூடத் தவறவிடவில்லை. ஸ்டூலைப் போட்டு வால்வுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. ஐந்தாம் நாள் எண்பத்திரண்டு. பத்தாம் நாள் அறுபத்து மூன்று. நேற்று பத்தொன்பதாம் நாள், முப்பத்தேழு.

அவருடைய நோட்டை எடுத்து என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். எண்பத்தொன்றுக்கு எண்பத்திரண்டு. அறுபத்திரண்டுக்கு அறுபத்து மூன்று. முப்பத்தெட்டுக்கு முப்பத்தேழு. அவர் தவறவிட்டிருந்தால் நாலாம் நாளே அந்த லைன் நின்றிருக்கும். பத்தொன்பது நாள் ஓட்டினார் என்றால் அத்தனையும் அடித்திருக்கிறார். அந்த வெறும் அறையில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

இதோடு எழுந்து வீட்டுக்குப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்று காலையும் கேன் வந்துவிட்டது. நீ சொல்லாததை ஒன்று செய்தேன். புதுக் குழாய் ஒன்று மாட்டி, பழைய மாதிரி சுற்றி, கொட்டி, மூன்று தடவை களைந்து ஊற்றினேன். மணி நேர முடிவில் தொண்ணூற்று மூன்று. ரிவர்ஸ் அடித்தேன், நூறு. மறுபடி அடித்தேன், மறுபடி நூறு. உன் அறுபத்திரண்டு சோதனை மாதிரியே, அட்சரம் பிசகாமல்.

'கழுவ வேண்டாம்' என்று நீ எதற்கு எழுதினாய் என்று அப்போதுதான் உறைத்தது. நான் அதிகம் படிக்காதவள்தான், ஆனால் மண்டு இல்லை. ஆலையில் யார் கழுவப் போகிறார்கள்? தொட்டியிலிருந்து வருவது அப்படியே குழாய்க்குப் போகிறது. நீ சோதித்தது ஆலை ஈஸ்டே இல்லை. அது நான் களைந்து வைத்த ஈஸ்ட்.

நான் தினமும் லேப் சிங்க்கில் கொட்டினேனே, அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது? அதைச் சொல். இனி எதையும் மறைக்காதே.

அண்ணி


ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணி,

சொல்கிறேன்.

ஈஸ்ட் என்பது உருண்டை உருண்டையாக இருக்கும், குழாய்ச் சுவரின் துளையைவிடப் பெரிது. அதனால் உள்ளே போக முடியாது, மேலே படியும், படிந்தது எதிர்த்தண்ணீரில் உதிரும். அதனால் பெரிய கெடுதல் இல்லை. நீங்கள் கொட்டிய தண்ணீரில்தான் எல்லாம் இருந்தது. செத்து உடைந்த ஈஸ்டின் உள்சரக்கு, அது சுரக்கும் பசை, புரதம். அவை துளைக்குள்ளேயே போய் ஒட்டிக்கொள்ளும். எதிர்த்தண்ணீருக்கு வராது, சூடான காஸ்டிக்குக்குத்தான் கரையும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உள்ளே தங்கும். பத்தொன்பது நாள் அப்படித் தங்கினது அண்ணனின் கையில் வந்து வெடித்தது. அண்ணன் எழுபத்திரண்டு தடவை இல்லை, எழுநூறு தடவை வால்வைத் திருப்பியிருந்தாலும் அது வெளியே வந்திருக்காது.

இது உங்கள் தப்பு இல்லை. அழுத்திச் சொல்கிறேன். நான் ஓட்டத்தை மட்டும் அளந்தேன். வெளியே வரும் தெளிநீரில் ஆலைக்கு வேண்டிய என்சைம் எவ்வளவு இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால், கழுவலோடு போய்விட்டதால் அதில் ஒன்றுமே இல்லை என்று அன்றே தெரிந்திருக்கும். இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட ஏழரை மணிக்கு வந்து என் ஈஸ்ட் எப்படித் தயாராகிறது என்று நான் பார்க்கவில்லை. மேசையில் வைத்திருக்கும், எடுத்துக்கொள்வேன். சாப்பாட்டுத் தட்டையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு வளர்ந்தேன்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. உங்கள் மார்ச் மாதக் கடிதத்தில் அந்தப் பத்தியைப் படித்த அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகும் பத்து நாள் சும்மா இருந்தேன். ஜூன் மாதத்தை நினைத்துக்கொண்டு. அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று தெரிந்தும் பத்து நாள். எனக்கு என்னையே பிடிக்கவில்லை அண்ணி.

விசாரணைக் குழுவுக்கும், என் கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்கும் கடிதம் எழுதிவிட்டேன், நகல் வைத்திருக்கிறேன். 'ஈஸ்ட் தயாரிப்பு முறையைச் சரிபார்க்க ஆய்வாளர் தவறிவிட்டார், முடிவுகள் ஆலைக்குப் பொருந்தா' என்று. கழுவியது யார் என்று எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. அண்ணனிடமும் சொல்லாதீர்கள். 'பொடிசு ஆராய்ச்சியில் தப்புப் பண்ணிட்டா' என்று மட்டும் சொல்லுங்கள். அவருக்கு அது போதும். நாளை தபாலில் சேர்க்கலாம் என்று இருக்கிறேன்.

பொடிசு


ஏப்ரல் 26

பொடிசு,

சேர்க்காதே. சேர்த்திருந்தால் வேறு எழுது.

பூசி மெழுகுகிற வேலை வேண்டாம். 'சரிபார்க்கத் தவறிவிட்டார்' என்றால் எதைச் சரிபார்க்க என்று கேட்க மாட்டார்களா? அண்ணனைக் காப்பாற்றத் தங்கை சொந்தத் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாள் என்று சொல்லி அந்தக் கடிதத்தையும் ஓரம் தள்ளிவிடுவார்கள். அவருடைய நோட்டைத் தள்ளினவர்கள்தானே. முழுசாக எழுது. லேப் உதவியாளர், அதாவது அந்தப் பணியாளரின் மனைவி, ஒவ்வொரு நாளும் காலை ஏழரைக்கு ஈஸ்டை மூன்று முறை கழுவினாள், யாரும் சொல்லாமல் தானாகச் செய்தாள், யாரிடமும் சொல்லவும் இல்லை. பிறகு கழுவாமல் பத்தொன்பது நாள் ஓட்டியவளும் அவளே, எண்கள் இவை. இப்படி எழுது. நான் கையெழுத்துப் போடுகிறேன். என் வேலை போனால் போகட்டும், லேபைப் பெருக்கித் துடைக்க வேறு ஆள் கிடைப்பார்கள்.

தப்பு உன்னுடையது என்கிறாய். இருக்கட்டும், உன் பங்கை நீயே வைத்துக்கொள். என் பங்கை எனக்குக் கொடு. சுத்தமாக இருந்தால் நல்லது என்று நினைத்தேன், அவ்வளவுதான். உனக்கு நுரை வரக்கூடாது, நீ முனகக்கூடாது. நான் ஒரே ஒரு நாள் சோம்பலாக இருந்திருந்தால் உனக்கு ஒரு எண் தப்பாக வந்திருக்கும், ஏன் என்று கேட்டிருப்பாய், எல்லாம் அப்போதே வெளியே வந்திருக்கும். சோம்பல் இல்லாமல் போனேனே. அந்த நினைப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஒரு வாரமாக அரிசி களையப் பானைக்குள் கையை விட்டால் கை அப்படியே நின்றுவிடுகிறது. "அடுப்பு காயுது பாரு" என்று அவர் குரல் கொடுத்த பிறகுதான் அசைகிறேன்.

அவரிடம் நான்தான் சொல்ல வேண்டும். முப்பது நாள் ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை குறை சொல்லாத மனுஷன். எப்படி ஆரம்பிப்பது? உனக்குத் தெரிந்தால் எழுது. உனக்கும் தெரியாது, அது எனக்குத் தெரியும்.

அண்ணி


மே 5

அண்ணி,

நீங்கள் சொன்னபடியே மாற்றி எழுதி, உங்கள் கையெழுத்து வந்ததும் இரண்டு இடத்துக்கும் அனுப்பிவிட்டேன். இரண்டு பேர் எண்களும் அக்கம்பக்கமாக, அண்ணன் நோட்டின் படமும் சேர்த்து.

பேராசிரியர் போன் செய்தார். நான் வணக்கம் சொல்லி முடிக்கும் முன்பே, "என் பேரையும் சேர்த்துக் கிழிச்சுப் போட்டுட்டியே" என்றார். அத்தோடு போனை வைத்துவிட்டார். இங்கே துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, ஜூன் மாதக் கூட்டத்தில் என் பெயர் இருக்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். குரலை உயர்த்தவில்லை, நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதனால்தான் அதிகமாகப் பயந்தேன். பயமாகத்தான் இருக்கிறது அண்ணி, பொய் சொல்லவில்லை. ஆனால் சாப்பாடு இறங்குகிறது, இரண்டு மாதத்துக்குப் பிறகு.

அண்ணனிடம் எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை. நான் வந்து பக்கத்தில் நிற்கட்டுமா? இருபத்திரண்டாம் தேதிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். இந்தத் தடவை ரத்து செய்யப் போவதில்லை.

பொடிசு


மே 14

பொடிசு,

நீ வரும் வரை காத்திருக்க என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும்போது சொன்னேன். தலையைச் சாய்த்து என் மடியில் வைத்திருந்தார், சட்டென்று எழுந்து போக முடியாது. அந்தத் தைரியத்தில்தான். கேன், சுற்றுமெஷின், மூன்று தடவை களைந்தது, கொட்டினது, பத்தொன்பது நாள் ஓட்டினது, எல்லாம். ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, "என் கையாலதான் உங்க கண்ணு போச்சு" என்றேன். மருந்து உள்ளே இறங்கும் வரை அப்படியே படுத்திருந்தார். பிறகு எழுந்து, "அந்தத் தாளைக் கொடு" என்றார்.

ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு நோட்டையும் தாளையும் சேர்த்து வைத்துப் படித்தார். ஒரு கண்ணால் படிப்பதற்கு இன்னும் பழகவில்லை, வரிக்கு வரி விரலை வைத்துக்கொண்டு வந்தார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. படித்து முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து ஆரம்பித்தார்.

"அப்போ நான் ஒண்ணுகூட விடலையா?" என்றார்.

"விடலைங்க."

"பத்தொன்பது நாளும்?"

"பத்தொன்பது நாளும்."

என் பேரையோ உன் பேரையோ அவர் எடுக்கவே இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். விபத்து நடந்ததிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. இடது பக்கமும் கண்ணீர் வந்தது. அது வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், இருந்தாலும் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தட்டு வைத்தால் சாப்பிட்டார், மருந்து விட்டால் தலையைச் சாய்த்தார், அவ்வளவுதான். எனக்கு வேண்டியதுதான் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை அடுப்படியில் பானையில் அரிசியும் தண்ணீருமாக நான் நின்றுகொண்டிருந்தேன், கை வழக்கம்போல ஓடவில்லை. அவர் பின்னால் வந்து பானையை வாங்கிக்கொண்டார். தண்ணீரை வடித்து, மறுபடி பிடித்து, களைந்து, அடுப்பில் வைத்தார். பாதி அரிசி தொட்டியில் போய்விட்டது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "முதல் வாரம் கேனை இறக்கும்போது நான்தானே சொன்னேன், பொடிசு நுரைக்கு முகம் சுளிக்கிறா, கொஞ்சம் சுத்தம் பண்ணி வைன்னு. உனக்கு ஞாபகம் இல்லையா?"

அவர் அப்படிச் சொல்லவே இல்லை, பொடிசு. அந்த வாரம் முழுக்க அவர் கேனை வாசலில் இறக்கிவிட்டு ஓடியவர், என் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் நான் "ஆமாங்க" என்றேன். பாவமா புண்ணியமா தெரியவில்லை. நீ வந்து எது வேண்டுமானாலும் சொல், இதில் மட்டும் குறுக்கே வராதே.

விசாரணைக் குழுவிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. பாய்லர்காரர் சொல்கிறார், அந்த லைனில் தினமும் காஸ்டிக் விட ஆரம்பித்துவிட்டார்களாம், யாரும் வாயைத் திறக்காமல். அறிக்கையில் மூன்றாம் பக்கத்தை மாற்றுவார்களோ மாட்டார்களோ. மாற்றும் வரை நான் விடப் போவதில்லை, நீயும் விடாதே. உனக்கு ஜூனில் என்ன ஆனாலும் இங்கே உன் அறை அப்படியேதான் இருக்கிறது. நீ வரும்போது உன்னிடம் அவர் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாள் உன்னோடும் பேசாமல் இருந்தாலும் இருப்பார், பொறுத்துக்கொள். இருபத்திரண்டாம் தேதி ஸ்டேஷனுக்குத் தானே வருவதாகச் சொல்கிறார்.

இப்போது அவர் ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறார், அதே நாற்காலி. பாய்லர்காரர் வந்திருக்கிறார், ஏதோ பழைய கதை ஓடிக்கொண்டிருக்கிறது. நான் எதிரில் உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நான்தான் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். அவர் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அண்ணி